இடுப்பு வலியும் உடற்பயிற்சியும், நடுவில் மனநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்கள் வலியைப் பற்றி உரக்கப் பேசுவார்கள். மனசைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். கீழே உள்ளவற்றில் பாதி அப்படித் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்கப்பட்டவை. இடுப்பு வலி, முதுகு வலி என்று மாற்றி மாற்றிச் சொன்னாலும் நான் பேசுவது கடைசி விலா எலும்புக்குக் கீழே, பிட்டத்தின் மடிப்புக்கு மேலே வருகிற வலியைப் பற்றி. அதிலும் மூன்று மாதத்தைத் தாண்டி நீடிக்கிற வகையைப் பற்றி.

எனக்கு வலி இடுப்பில். நீங்கள் மனநிலையைக் கேட்கிறீர்கள். ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்ல வருகிறீர்களா?

இல்லை. உங்கள் வலி நிஜம். இத்தனை வருடத்தில் கற்பனை வலி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் வலி என்பது இடுப்பிலிருந்து கிளம்பி மாறாமல் மூளைக்குப் போய்ச் சேரும் தந்தி அல்ல. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வெளியிட்டு 2020இல் திருத்திய வரையறையே, புலனும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றுதான் வலியைச் சொல்கிறது. விரலைச் சுட்டுக்கொண்டாலும் அதே வரையறைதான். இடுப்புக்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை.

1965இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயில் இருப்பதாக எழுதினார்கள். மடை என்று சொன்னால் நமக்குச் சட்டென்று பிடிபடும். இடுப்பிலிருந்து வரும் சேதி அந்த மடையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். மடையை ஏற்றி இறக்குவதில் மூளைக்கும் கை உண்டு. அவர்கள் போட்ட படத்தில் பின்னால் நிறையத் திருத்தம் வந்தது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் நரம்புப் பாதைகள் உண்டு என்ற விஷயம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பாதைகளில் வேலை செய்யும் வேதிப்பொருள்களில் செரட்டோனினும் நார்அட்ரினலினும் முக்கியமானவை. மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் குறிவைப்பது இதே இரண்டைத்தான். தூக்கம் கெட்டு, கவலை பிடித்து ஆட்டிய ஒரு வாரத்தில் அதே இடுப்பு அதிகமாக வலிப்பது உங்கள் பலவீனம் இல்லை. உடம்பின் வயரிங் அப்படி.

ஸ்கேனில் ஜவ்வு விலகியிருக்கிறது என்று வந்திருக்கிறதே. அதற்கும் மனநிலைக்கும் என்ன?

முதலில் ஒரு கணக்கு. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலி இல்லாத 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் (நீங்கள் ஜவ்வு என்கிற, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருப்பது) தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் 96 விழுக்காடு. டிஸ்க் பிதுங்கியிருப்பது 20 வயதில் 30 விழுக்காடு, 80இல் 84. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். நரைமுடி போல இதிலும் பெரும்பகுதி வயதோடு வருவது.

இன்னொன்று. டிஸ்க் என்பது தட்டுபோல நழுவி ஓடுகிற பொருள் இல்லை. மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்தது. அதன் உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி நரம்பைத் தொடலாம். அப்படிப் பிதுங்கியது பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்கியும் போகிறது.

‘விலகிடுச்சு’ என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். நேற்று வரை சாதாரணமாக நடந்தவர், ரிப்போர்ட்டைப் படித்த மறுநாள் நிறைகுடம் சுமப்பவர்போல் வந்து உட்காருகிறார். ஸ்கேன் எடுத்ததால் இடுப்பில் எதுவும் மாறவில்லை. பயம் ஒன்று புதிதாகக் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பயந்தால் வலி எப்படி நீடிக்கும்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஐம்பதை நெருங்கும் ஒருவர். முதல் நாள், மேஜையில் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கப் போனார். இடது கையால் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டார். வலது காலைப் பின்னால் நீட்டினார். உதடு இறுகியது, மூச்சு நின்றது. முதுகைப் பலகைபோல் விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, விரல் நுனியால் பேனாவைத் தொட்டு இழுத்து எடுத்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. “பாத்தீங்களா, இதுதான் நிலைமை.”

இருபது நிமிடம் கழித்து மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் நீச்சல் போட்டியில் கடைசியாக வந்துவிட்டு, கடைசியாக வந்ததற்கே கைதட்டல் வாங்கிய கதை. சிரித்துக்கொண்டே சொன்னவர், அவிழ்ந்து கிடந்த ஷூ லேஸைக் குனிந்து கட்டினார். முதுகு வில்போல வளைந்தது. மூச்சு தடைபடவில்லை. அவர் கவனிக்கவே இல்லை.

அதே மனிதர், அதே இடுப்பு, இருபது நிமிட இடைவெளி.

உடலியலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. முதுகில் கோளாறு இல்லாத ஒருவர் முழுதாகக் குனிந்தால் கீழ்முதுகுத் தசைகள் ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிட்டு அடங்கிப்போகும். 1950களிலேயே தசை மின்பதிவில் பார்த்துச் சொன்னது இது. நாள்பட்ட வலி உள்ளவர்களில் பலருக்கு அந்த அடங்குதல் நடப்பதில்லை. குனியும் நேரம் முழுக்கத் தசை இறுகியபடியே இருக்கும். முஷ்டியை நாள் முழுக்க மடக்கி வைத்திருந்தால் கை வலிக்குமா இல்லையா? அந்த வலியைத்தான் ‘குனிஞ்சதால வந்தது’ என்று நாம் குறித்துக்கொள்கிறோம். அடுத்த முறை இன்னும் இறுக்குகிறோம். பிறகு குனிவதையே விட்டுவிடுகிறோம். அப்புறம் வெளியே போவதை, அதன் பின் ஆள்களைப் பார்ப்பதை. கடைசியில் மனம் சோர்கிறது. சோர்ந்த மனம் வலியைக் கூட்டுகிறது. உளவியலாளர்கள் யோஹான் விளாயனும் ஸ்டீவன் லின்டனும் 2000இல் விரிவாக எழுதிய ‘பயந்து ஒதுங்கும்’ சுழல் இதுதான்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் இதேபோல ஒருவரைப் பார்த்து, “இப்ப குனிஞ்சீங்களே, வலிக்கலையே!” என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன். “அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா?” என்று எழுந்து போனார், திரும்ப வரவில்லை. இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. பேனாவை எடுத்தவர் ஷூ லேஸ் கட்டிய ஐந்து நிமிடத்தில், “காலை அப்படியே வச்சிட்டு, மூச்சு விட்டுட்டே மறுபடி ஒரு தடவை கட்டுங்க” என்று மட்டும் கேட்டேன். கட்டினார். அவரே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மனச்சோர்வு முதலில் வந்ததா, வலி முதலில் வந்ததா?

இரண்டு திசையிலும் நடக்கும். மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பவர்களுக்குப் பின்னாளில் இடுப்பு வலி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. மாதக்கணக்கில் வலித்தால் மனம் சோர்வதற்கு ஆய்வே தேவையில்லை. எது முதல் என்று தேடுவதில் சிகிச்சைக்குப் பெரிய லாபம் கிடையாது.

உடற்பயிற்சி செய்தால் தசை வலுப்பெற்று வலி குறைகிறது. அவ்வளவுதானே?

நானும் அப்படித்தான் படித்தேன். இந்தத் துறையில் எனக்குப் பெரிய அதிர்ச்சி தந்த விஷயம் இதுதான்.

உடற்பயிற்சி வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான 249 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2021இல் தொகுத்துப் பார்த்தது. எதுவும் செய்யாதவர்களோடும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடும் ஒப்பிட்டால், 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 15 புள்ளி குறைந்திருந்தது. மாயமில்லை, ஆனாலும் குறைவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் திட்டமிட்ட உடற்பயிற்சியை ஆதரிக்கிறது. கூடவே வலியைப் பற்றிய விளக்கக் கல்வியையும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சையையும் வைத்திருக்கிறது.

சிக்கல் ‘எப்படி வேலை செய்கிறது’ என்பதில். 2012இல் வந்த ஒரு தொகுப்பு, பயிற்சி செய்து தேறியவர்களுக்கு உண்மையிலேயே தசை வலுவும் வளையும் திறனும் கூடினவா என்று தேடியது. நம்பும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. வலு கூடாமலே பலருக்கு வலி குறைந்தது. வலு கூடியும் சிலருக்குக் குறையவில்லை. அப்படியென்றால் வேறு ஏதோ மாறுகிறது. அந்த ‘வேறு ஏதோ’வில் பயம் குறைவதும், ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை திரும்புவதும் உண்டு.

என் கருத்து: முப்பது முறை குனிந்து நிமிரும் பயிற்சியில், தசைக்குக் கிடைப்பதைவிட, முப்பது முறையும் எதுவும் உடையவில்லை என்று நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்வது அதிக வேலை செய்கிறது. இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பெரிதாகப் பயம் இல்லாத, வெறுமனே உட்கார்ந்தே கிடந்து உடம்பு விட்டுப்போன ஒருவருக்குத் தசைக் கதையே போதும்.

ஆஸ்திரேலியாவில் 2023இல் முடிவு வெளியான ஒரு சோதனை இதற்குத் தோதாக இருக்கிறது. 492 பேர். அசைவையும் பயத்தையும் சேர்த்தே கையாளும் முறை: பயப்படும் அதே அசைவை, மூச்சை விட்டு, தளர்வாகச் செய்யப் பழக்குவது. வழக்கமான கவனிப்பைவிட இயங்கும் திறனில் அதிக முன்னேற்றம். ஒரு வருடம் கழித்தும் அது நின்றது.

மனசே சரியில்லை. கொஞ்சம் தெளிந்த பிறகு தொடங்கலாமா?

வேண்டாம். காத்திருந்தால் அந்த நாள் தள்ளிக்கொண்டே போகும். செய்த பிறகுதான் மனம் கொஞ்சம் நகரும். மனம் நகர்ந்த பிறகு செய்வோம் என்றால் நடக்காது.

இன்னொரு வேடிக்கை. பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால் ஆள்கள் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள், செய்து முடித்துக் கேட்டால் அதிகம் சொல்கிறார்கள் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தொடக்கத்தில் வருகிற சலிப்பு மட்டுமே கண்ணில் நிற்பதால் இப்படி. அதனால் நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்பேன். நான்கு கட்டம்: தேதி, செய்தது, மனநிலை முன்பும் பின்பும், வலி முன்பும் பின்பும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண், அவ்வளவே. பேனா மனிதரின் நோட்டில் இரண்டாம் வாரம் இப்படி ஒரு வரி:

“செவ்வாய். செய்யவே பிடிக்கல. 6 நிமிஷ நடை, 5 தடவை குனிதல். மனசு 2, பின் 4. வலி 5, பின் 5.”

வலி அசையவில்லை. மனசு இரண்டு படி ஏறியிருக்கிறது. நான் பார்த்த நோட்டுகளில் பெரும்பாலும் இந்த வரிசைதான். முதலில் மனநிலை எண் நகரும். வாரங்கள் கழித்துத்தான் வலி எண் நகரும். வலி எண்ணை மட்டும் குறித்தவர்கள் மூன்றாம் வாரமே “ஒண்ணும் மாறல” என்று நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. மாறிய எண்ணை அவர்கள் குறிக்கவில்லை.

நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் கூடுதலாகச் செய்து, கெட்ட நாளில் குறைத்துக்கொள்ளலாமா?

கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். எனக்கோ கெட்ட நாளைவிட நல்ல நாளில்தான் பயம் அதிகம்.

பத்து நாள் வலியோடு முடங்கிக் கிடந்தவருக்கு ஒரு காலை விடிகிறது. உடம்பு லேசாக, மனசு உற்சாகமாக இருக்கிறது. அன்றைக்கே அலமாரியை நகர்த்தி, வீட்டைத் துடைத்து, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறார். மறுநாள் எழ முடியாது. மூன்று நாள் படுக்கை. ‘பயிற்சி எனக்கு ஒத்துக்கலை’ என்று முடிவு கட்டிவிடுகிறார். ஏற்றமும் இறக்கமுமாக இது பல மாதம் ஓடும்.

கெட்ட மனநிலையின் கதை இன்னும் வளைந்தது. விளாயனும் ஸ்டீபன் மார்லியும் 2004இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரு வேலையை எப்போது நிறுத்துவது என்பதற்கு நாம் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறோம். சிலருடைய விதி ‘பிடிக்கும் வரைக்கும் செய்வேன்’. வேறு சிலருடையது ‘திருப்தியாக முடியும் வரைக்கும் விடமாட்டேன்’. இப்போது இரண்டு பேருக்குமே மனசு சரியில்லை என்று வையுங்கள். முதலாமவருக்கு அந்தக் கசப்பு ‘போதும், நிறுத்து’ என்கிறது, சீக்கிரம் விட்டுவிடுகிறார். இரண்டாமவருக்கு அதே கசப்பு ‘இன்னும் சரியாக வரவில்லை’ என்கிறது. அவர் விடாமல் இடுப்பைப் போட்டு வாட்டுகிறார். மனநிலை ஒன்றே, விளைவோ நேர் எதிர். ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது எல்லா முறையும் இப்படியே வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டு ஆள்களையும் என் அறையில் நான் தினமும் சந்திக்கிறேன். வீடு முழுக்கச் சுத்தமாகும் வரை உட்கார மாட்டேன் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்பவரை ‘மன உறுதி உள்ளவர்’ என்று மற்றவர்கள் பாராட்டுவார்கள். இடுப்பைக் கேட்டால் வேறு சொல்லும்.

அதனால் நான் கேட்பது ஒன்றே. எவ்வளவு செய்வது என்பதை அன்றைய மனசும் தீர்மானிக்க வேண்டாம், அன்றைய வலியும் தீர்மானிக்க வேண்டாம். முந்தின ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து எழுதிய தாள் தீர்மானிக்கட்டும்.

அந்தத் தாளில் அளவை எப்படி முடிவு செய்வது?

மூன்று நாள் சோதித்துப் பாருங்கள். வலி ஏறத் தொடங்கும்வரை நடந்து நேரத்தைக் குறியுங்கள். 12 நிமிடம், 8 நிமிடம், 10 நிமிடம் என்று வந்தால் சராசரி 10. தொடங்க வேண்டியது 8இல். மட்டமான நாளிலும் செய்து முடிக்கக்கூடிய அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு வாரம் 8 நிமிடம். உற்சாகம் பொங்கினாலும் 8, மனசு கசந்தாலும் 8. அடுத்த வாரம் 9. அதற்கடுத்து 10.

நல்ல நாளில் 8 நிமிடத்தோடு நிறுத்தச் சொன்னால் ஆள்களுக்குக் கோபம் வரும். எட்டு நிமிடத்துக்கு ஷூ போட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். போடுங்கள் என்றேன்.

செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டாமா?

கொஞ்சம் வலித்தால் நிறுத்த வேண்டியதில்லை. நாள்பட்ட வலியில் ‘வலிக்கிறது’ என்பதற்கும் ‘கெடுகிறது’ என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. நான் வைத்திருக்கும் நடைமுறை அளவு: தாங்கக்கூடிய வலியாக இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அதே அளவைத் தொடரலாம். மறுநாளும் தூக்கலாகவே இருந்தால் ஒரு படி கீழே. காலில் புதிதாக மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ அது வேறு கதை. அதைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

எந்தப் பயிற்சி சிறந்தது?

நீங்கள் விடாமல் செய்யப்போவது. நடை, நீச்சல், யோகா, பிலாட்டிஸ், எடைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் சான்று இருக்கிறது. இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் சிறியது. பிடிக்காத பயிற்சியைச் சிறந்தது என்று நம்பிச் செய்கிறவர் இரண்டு மாதத்தில் விட்டுவிடுகிறார்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் பயந்து தவிர்க்கிற ஓர் அசைவு. குனிவதென்றால் குனிவது, திரும்புவதென்றால் திரும்புவது. அதைச் சின்ன அளவில் தினமும் செய்யுங்கள். செய்யும்போது வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது, அதற்காகத்தான்.

வீட்டில் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

“ஐயோ, குனியாதீங்க, நான் எடுத்துத் தரேன்.” இதைவிட அன்பான பேச்சு இல்லை. இதே பேச்சு ஒரு நாளைக்கு இருபது முறை காதில் விழுந்தால், தன் இடுப்பு கண்ணாடியால் ஆனது என்று ஒருவர் நம்பிவிடுவார். துணைவர் அளவுக்கு மீறித் தாங்கும் வீடுகளில் நோயாளியின் முடக்கம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. மறுபக்கம், “எப்பப் பாத்தாலும் இடுப்பு இடுப்புன்னு...” என்று எரிந்து விழுவதும் அதே அளவு கெடுதல்.

“வலி எப்படி இருக்கு?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “இன்னைக்கு நடந்தாச்சா?” என்று கேளுங்கள். முடிந்தால் கூட நடங்கள்.

ஆள்களின் நம்பிக்கையைப் பொதுவெளியில் பேசியே மாற்ற முடியும் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997இல் தொலைக்காட்சி விளம்பரங்கள் தொடங்கின. முதுகு வலி வந்தால் படுத்துவிடாதீர்கள், நடமாடுங்கள், வேலையை விடாதீர்கள் என்பதுதான் சேதி. மக்களின் எண்ணம் மாறியது, மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. முதுகு வலிக்காகத் தொழிலாளர்கள் கேட்ட இழப்பீட்டு விண்ணப்பங்கள் சுமார் 15 விழுக்காடு குறைந்தன. விளம்பரம் வராத பக்கத்து மாநிலத்தில் எண்ணத்தில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. யாருடைய இடுப்புக்கும் யாரும் எதுவும் செய்யவில்லை.

தூக்கம்?

தூக்கம் கெட்டால் மறுநாள் வலியைத் தாங்கும் அளவு குறையும், மனநிலையும் சரியும். எழும் நேரத்தை மட்டுமாவது மாற்றாதீர்கள். எந்தப் பக்கம் படுப்பது என்று யோசித்து யோசித்தே தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. எப்படிப் படுத்தால் தூக்கம் வருகிறதோ அப்படிப் படுங்கள்.

இடுப்பு பெல்ட்?

நாள்பட்ட வலிக்கு வழக்கமாகப் போட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். ‘பெல்ட் இல்லாமல் வெளியே போக முடியாது’ என்ற எண்ணம் ஒட்டிக்கொள்வதுதான் என் கவலை.

டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். எனக்கு மனநோய் என்று நினைக்கிறாரோ?

அவசியமில்லை. மேலே சொன்ன இறங்கு பாதைகளில் வேலை செய்வதால் இந்த வகை மாத்திரைகளை வலிக்காகவும் எழுதுவது வழக்கம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மட்டும் என்றால் இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பது 2023 வழிகாட்டுதலின் நிலை. மனச்சோர்வும் சேர்ந்து இருந்தால் கணக்கு வேறு. எதற்காக எழுதினார் என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் வரும்.

வெறும் சலிப்பா, மனச்சோர்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரங்களில், எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள்? மனம் துவண்டு, நம்பிக்கை இழந்து இருந்தது எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். அது நோய் என்ற தீர்ப்பு இல்லை, மேற்கொண்டு பார்க்கச் சொல்லும் சைகை.

அப்படி வந்தால் பயிற்சியோடு மன சிகிச்சையும் சேர வேண்டும். நடையும் நோட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் நாளைக்கென்று தள்ளாமல் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நாலு மாதம் நன்றாக இருந்து மறுபடி பிடித்துக்கொண்டது. செய்ததெல்லாம் வீணா?

இல்லை. இடுப்பு வலியிலிருந்து தேறியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சொல்லாமல் விட்டால், வலி திரும்பும் அன்று இடுப்பைவிட மனசுதான் அதிகம் அடிபடுகிறது.

தள்ளிப்போட முடியும். அண்மையில் தேறிய 701 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2024இல் வந்தது. படிப்படியாக நடையைக் கூட்டி, வலியைப் பற்றிய விளக்கமும் பெற்றவர்களுக்கு, வலி திரும்ப நடுமதிப்பாக (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு) 208 நாள் ஆனது. எதுவும் பெறாதவர்களுக்கு 112 நாள். செலவில்லாத நடைக்கு இது பெரிய காரியம்.

பிடித்துக்கொண்ட அன்று செய்ய வேண்டியது: அளவைப் பாதியாக்குங்கள், பூஜ்யமாக்காதீர்கள். எட்டு நிமிடம் நான்காகட்டும். படுத்தே இருப்பதால் சீக்கிரம் தேறும் என்பது 1986லேயே உடைந்த நம்பிக்கை. இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள், ஏழு நாள்காரர்களுக்கு வேலைக்குப் போகாத நாள்தான் கூடியது.

எப்போது பயிற்சி, மனநிலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டும்?

சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் போனால். தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனால். காலில் பலம் குறைந்துகொண்டே போனால். இவை எதுவானாலும் அன்றே அவசர சிகிச்சை. வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, எலும்பு அடர்த்திக் குறைவோ நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரையோ இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

நோட்டில் எவ்வளவு நாள் எழுத வேண்டும்?

நான் பன்னிரண்டு வாரம் என்று சொல்வேன். பேனா மனிதர் பதினோராவது வாரம் நோட்டைக் கொண்டுவரவில்லை. எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, மகளின் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்ததில் மறந்துவிட்டேன் என்றார். பை என்ன எடை இருக்கும் என்று கேட்டேன். யோசித்தார். அதையும் பார்க்கவில்லையாம்.